சவுக்காரச் சரக்கும் ஏலகிரி அடிவாரத்துக் குடியானவரும்

வட தமிழ்நாட்டு மலைச்சாரல்களில் வாழும் ஜனங்களுக்குப் பூவந்தி மரம் புதிதன்று. பூந்திக்கொட்டை என்றும் பூச்சக்கொட்டை என்றும் ஊருக்கொரு பெயரால் வழங்கப்படும் அதன் காயை ஊறவைத்துக் கசக்கி, அந்நுரையால் பட்டுப் புடைவையையும் பொன் நகையையும் துலக்குவது பாட்டிமார் காலத்து வழக்கம். சலவைப் பொடி வந்தபின் அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் சில ஆண்டுகளாக இக்கொட்டைக்கு மறுபடியும் மதிப்பு ஏற்பட்டிருக்கின்றது. ஐரோப்பிய தேசங்களில் இயற்கைப் பொருளால் துணி வெளுக்க விரும்புவோர் இமயமலைச் சாரலிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் செல்லும் பூவந்தித் தோலைப் பைகளில் வாங்குகிறார்கள். இச்செய்தி பரவப் பரவ, நிலமுள்ள குடியானவர்களிடம் வந்து, “உலகமெங்கும் சலவைச் சரக்குக்குக் கிராக்கி, வேர்க்கடலையை விட்டு ஏக்கர் கணக்கில் பூவந்தி வையுங்கள், கன்றும் தருவோம், காயும் எடுத்துக்கொள்வோம்” என்று சொல்லுவோரும் தோன்றிவிட்டனர். இச்சொல்லில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை நிலத்தில் கைவைக்குமுன் ஆராய்தல் அவசியம். மரம் வைத்தவன் தவற்றை உணர்வதற்குள் எட்டுப் பத்து ஆண்டுகள் கடந்துபோகும். கடலை விதைத்தவனுக்கோ அடுத்த பருவத்திலேயே திருத்திக்கொள்ள வழியுண்டு.

உலகத்தில் சலவைச் சரக்குக்குக் கிராக்கி இருப்பது மெய்யே. எந்தச் சரக்குக்கு என்பதுதான் கேள்வி. இன்று சலவைப் பொடியிலும் சலவைக் கட்டியிலும் அழுக்கை நீக்கும் பிரதான வஸ்து லீனியர் ஆல்கைல் பென்சீன் என்னும் எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. மண்ணெண்ணெயிலிருந்து நேர்ச்சங்கிலிப் பாரஃபின்களைப் பிரித்தெடுத்து, பென்சீனோடு சேர்த்து, பின்னர் கந்தகச் சேர்க்கையால் அமிலமாக்கி, சோடாவால் நடுநிலைப்படுத்தினால் அவ்வஸ்து கிடைக்கும். உலகத்தில் ஆண்டொன்றுக்கு இது 30 இலட்சம் டன்னுக்கு மேல் செலவாகின்றது. நம் ராஜ்யத்திலேயே சென்னை மணலியில், ஸ்பிக் கம்பெனியும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ் இதனைச் செய்துவருகிறது. வதோதராவில் இந்தியன் ஆயில் கம்பெனியார் 2004-ல் ஆரம்பித்த ஆலையின் சக்தி மட்டும் ஆண்டுக்கு 1,20,000 டன்.

இந்த ஒரு தொகையை மனத்தில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூவந்தியின் தோலில் நுரை தரும் சபோனின் என்னும் சத்து ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு. நன்றாய்த் தேறிய மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ உலர்ந்த தோல் தருவதாகவே வைத்துக்கொள்வோம். மரத்துக்கு 2 கிலோ சத்து ஆயிற்று. வதோதரா ஆலை ஒன்றின் சரக்குக்கு எடைக்கு எடை ஈடு செய்ய 6 கோடி மரங்கள் வேண்டும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரமென்றால் எட்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். ஆகவே பூவந்தியானது அவ்வெண்ணெயின் இடத்தைப் பிடித்துவிடும் என்னும் பேச்சு வெறும் பேச்சே. உலகக் கிராக்கி என்று சொல்லப்படுவது மண்ணெண்ணெய்ச் சரக்கின் கிராக்கி. பூவந்திக்குரியது அதன் ஓரத்தில் நிற்கும் ஒரு சிறு சந்தை. சிறு சந்தைக்கும் விலையுண்டு; ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டால் அவ்விலை நில்லாது.

பழைய சவுக்காரம் இவ்வளவு எளிதாக ஏன் தோற்றது என்பதை வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தார்க்கு விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய சவுக்காரம் உப்பும் சுண்ணமும் மிகுந்த கிணற்று நீரில் நுரையாமல் தயிர்போல் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். பாலாற்றங்கரையில் கடின நீரால் துவைக்கும் பெண்கள் இதனை நாள்தோறும் கண்டவர்கள். மண்ணெண்ணெய்ச் சரக்கு அத்தகைய நீரிலும் நுரைக்கும். முதல் உலக யுத்தத்தில் கொழுப்பு கிடைக்காமல் ஜெர்மனி தவித்தபோது தொடங்கிய இம்முயற்சி, அடுத்த யுத்தத்தின்பின் அமெரிக்காவில் பெரிதாகி, 1953 அளவில் அங்கே சவுக்காரத்தையே மிஞ்சிவிட்டது. இந்தியாவில் சர்ஃப் 1959-ல் வந்தது; 1969-ல் அகமதாபாத்தில் குறைந்த விலையில் நிர்மா தோன்றியபின் சலவைப் பொடி குடிசைவரை நுழைந்தது. ஆதியில் வழங்கிய கிளைச்சங்கிலிச் சரக்கு ஆறுகளில் சிதையாமல் நுரைமலைகளாக நின்றமையால், ஜெர்மனி 1961-ல் சட்டமியற்றி 1964-ல் அமுலுக்குக் கொண்டுவர, அமெரிக்க ஆலைகள் 1965-ல் நேர்ச்சங்கிலிக்கு மாறின. இவ்வளவு பெரிய மாறுதல்கள் யாவும் நிலத்து விளைவைக் கேட்காமலே நடந்தேறியவை. பூவந்தியின் சத்தும் கடின நீரில் திரிவதில்லை என்பது அதற்கொரு மெய்யான சிறப்பு. அதன்பொருட்டு அதனைப் புறக்கணிக்கவும் கூடாது.

தூரதேசத்துச் சவுக்காரக் கொப்பரையை நம்பி வடவார்க்காட்டு நிலம் உழப்படுவது இது முதல் தடவையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காடு, வடவார்க்காடு ஜில்லாக்களின் வேர்க்கடலை புதுச்சேரி முதலிய துறைமுகங்கள் வழியே பிரான்சு தேசத்து மார்சேய் நகருக்குக் கப்பலேறிற்று. அங்கே எண்ணெயாட்டிச் சவுக்காரம் காய்ச்சினார்கள். செம்மண் புன்செய்க் குடியானவன் முதன்முதலாகக் கையில் ரொக்கம் கண்டது அந்த வியாபாரத்தால்தான். 1890-களில் விதை நலிந்து மகசூல் குன்றியபோது சாகுபடி சுருங்கிற்று. மொரீஷியஸ் விதை வந்தபின் மீண்டும் பெருகிற்று. 1929-க்குப்பின் உலக மந்தத்தில் விலை விழுந்தது. 1940 ஜூன் மாதத்தில் பிரான்சு ஜெர்மனிக்கு அடிபணியவே மார்சேய்ச் சந்தையே அடைபட்டது. யாரும் செக்கடியில் தவறு செய்யவில்லை. களத்திலும் தவறு இல்லை. ஆயினும் நஷ்டம் களத்துக்கு வந்து சேர்ந்தது. எனினும் வேர்க்கடலை அழிந்துபோகவில்லை. ஏனெனில், உள்ளூரில் எண்ணெய்க்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும், கொடி தீவனத்துக்கும் உபயோகப்பட்டது. வாங்குவோன் ஒருவன் போனாலும் வேறு வாசல் இருந்தது. நட வேண்டிய மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் இப்பிரதேசத்துக்கு இல்லை.

தோல் வியாபாரத்திலும் இதே கதையுண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலைகளுக்கு ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுற்றுப்புறத்துக் காடுகளிலிருந்தும் தரிசுகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்தன. பதனிட்ட தோலுக்குப் புங்கெண்ணெய் பூசினார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வரத் தொடங்கியதும், உரித்துச் சுமந்து வந்த ஏழைகளின் ஆவாரம்பட்டைக்கு மதிப்புக் குறைந்தது. பின்னர் குரோமிய உப்பு வந்தது. ஆவாரையை ஏக்கர் கணக்கில் பயிரிட்டவர் எவரும் அதிகமில்லை. ஆதலால் கேடும் அதிகமில்லை. தரிசில் தானே முளைத்த செடி தரிசிலேயே நின்றது.

இக்காலத்து அனுபவமோ இவ்வளவு மென்மையாக முடியவில்லை. 2003-ல் மத்திய அரசாங்கம் உயிரெண்ணெய்த் திட்டம் வகுத்தபின் காட்டாமணக்கைப்பற்றி எழுந்த ஆரவாரத்தைக் குடியானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மேயாது, வாங்குவோர் வாசலில் நிற்பர் என்றெல்லாம் சொல்லப்பட்டது. திருவண்ணாமலை, கோயம்புத்தூர் ஜில்லாக்களில் நட்டவர் பலர், நீரின்றி விளையாததையும், விளைந்த கொஞ்சத்துக்கும் சொன்ன விலை வாராததையும் கண்டு செடியைப் பிடுங்கி எறிந்தனர். அதிலும் கடலை நிலத்தில் வைத்தவர்களுக்கே நஷ்டம் மிகுதி; வேலியில் வைத்தவர்களுக்கு வேலியாவது மிஞ்சியது. பூவந்திக்காகச் சொல்லப்படும் சொற்கள் அன்று காட்டாமணக்குக்குச் சொல்லப்பட்டவற்றோடு ஏறக்குறைய ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

விலையின் ஏற்றத்தாழ்வும் குடியானவர் கையில் இல்லை. சலவைச் சரக்கின் விலை கச்சா எண்ணெயைப் பின்தொடர்வது. 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலர்வரை ஏறிய அவ்வெண்ணெய், 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. குளியல் சோப்புக்கு ஆதாரமான பனையெண்ணெயும் அவ்வாறே. 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடுத்தபோது, உலகத்துப் பனையெண்ணெயில் பாதிக்கு மேல் விளைவிக்கும் அத்தேசத்தின் ஒரே கட்டளையால் இந்நாட்டுக் கடைகளில் சோப்பின் விலை அசைந்தது. கச்சா எண்ணெய் மலிந்த ஆண்டில் தொழிற்சாலைக்காரர் பூவந்தியை ஏறெடுத்தும் பாரார் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. அக்காலத்தில் மரத்தை மடக்கிவைக்க முடியாது. காய் உதிர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இங்ஙனம் சொல்லுவதால் மரமே வேண்டாமென்பது கருத்தன்று. எந்த இடத்தில், எந்த மரம், எவ்வளவு என்பதே விஷயம்.

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் சாலைக் கழிவு நீரால் உவர் ஏறிய நிலங்களின் கதை யாவரும் அறிந்தது. 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்படி ஏற்பட்ட இழப்பீட்டு ஆணையம் 2001-ல் ஏறத்தாழ 29,000 பேருக்கு நஷ்டஈடு நிர்ணயித்தது. பணம் வந்தவர்க்கும் வராதவர்க்கும் நிலம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நெல்லும் தென்னையும் ஏலாத அந்த மண்ணில் புங்கமரம் நிற்கும். ஓரளவு உப்பைத் தாங்குவதும், அவரைக் குலத்ததாகையால் வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பதும் அதன் இயல்பு. ஒட்டுக்கன்றாயின் நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். அதன் விதையெண்ணெய் சவுக்காரத்துக்கும் தோலுக்கும் உதவும். கசப்பும் நாற்றமும் உடையதாகையால் உயர்ந்த சோப்புக்கு அப்படியே ஆகாது, சுத்தி செய்யவேண்டும். தேங்காயெண்ணெய் போல நுரை மிகுதியாகத் தருவதுமன்று. ஆனால் எண்ணெய்க்கு விலை வாராத ஆண்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு தழைச்சத்துள்ள பிண்ணாக்கும், நெல்வயலில் மிதிக்கத் தழையும் வீட்டுக்கே கிடைக்கின்றன. சந்தை மூடினாலும் பயன்படும் மரம் இது. பூவந்தியோடு ஒப்பிட்டால் புங்கமே முதலிடம் பெறத்தக்கது என்பதில் ஐயமில்லை. இது சிலருக்குச் சுவைக்காது. ஏனெனில் புங்கத்தைப்பற்றி ஒருவரும் பிரசங்கம் செய்வதில்லை.

உவர் நிலத்தில் நடுமுன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். உப்பு மிகக் கடுமையான இடத்தில் புங்கமும் வாடும். குழியில் மேட்டு மண்ணும் தொழுவுரமும் இட்டு, மழைக்காலத்தில் நட்டு, முதல் இரண்டு கோடைகளில் நல்ல நீர் கொடுத்துக் காப்பாற்றினால் பின்னர் வேர் தன் வழி பார்த்துக்கொள்ளும். சாலை நீரையே ஊற்றி மரம் வளர்க்கலாமென்று எண்ணுவது முன்செய்த தவற்றை மறுபடி செய்வதாகும்.

பூவந்திக்குரிய இடம் வேறு. ஏலகிரிச் சாரல், ஜவ்வாது மலைச்சாரல் ஆகியவற்றில் கல்லும் சரளையும் கலந்த மேட்டு நிலம், பட்டா நிலத்தின் வரப்போரம், கிணற்று மேடு, ஓடைக்கரை இவையே. ஏக்கருக்கு நாலைந்து மரம் வரப்பில் வைத்தால் கடலைக்கும் கேழ்வரகுக்கும் கேடில்லை. எட்டாம் பத்தாம் ஆண்டில் வரும் காய் கைச்செலவுக்கு உதவும். விதையின் ஓடு கல்போன்றதாகையால் நன்றாய் ஊறவைத்து விதைத்தாலன்றி முளைப்பதில்லை. மாசி, பங்குனியில் பழுத்து உதிர்வதைப் பொறுக்கவேண்டும். மரத்தை உலுக்கிப் பச்சைக்காயை இறக்கினால் எடை நிற்காது, நுரையும் குறையும், அடுத்த ஆண்டுக் கிளையும் முறியும். வெயிலில் உலர்த்தி, விதையை நீக்கி, தோலை மட்டும் ஈரம்படாமல் சேர்த்துவைத்தல் நலம். ஈரக்காற்றைக் குடித்தால் பிசுபிசுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கொட்டையோடு விற்பவன் விலையில்லாத விதைக்கும் வண்டிக்கூலி கொடுக்கிறான். வியாபாரி அதனை விலையில் கழிக்கத் தவறுவதில்லை. கசக்கிய நீரை மீன் வளர்க்கும் ஏரியிலோ குட்டையிலோ விடலாகாது. பூவந்தி நுரை மீனுக்கு நஞ்சு. இதனை நம்மவர் முன்பே அறிந்து மீன் பிடிக்க உபயோகித்ததும் உண்டு.

தோல் சாலைகளிலேயே இதற்கொரு வாசல் திறக்கக்கூடுமா என்பது ஆராய்தற்குரியது. தோலை ஊறவைக்கவும் கொழுப்பு நீக்கவும் நனைப்பான்கள் செலவாகின்றன. அவற்றுள் நானைல்பீனால் எத்தாக்சிலேட் என்பதை ஐரோப்பிய சமூகத்தார் 2003-ஆம் ஆண்டுக் கட்டளையால் தோல் வேலைக்கு ஆகாதென விலக்கினர். ஆம்பூர்ச் செருப்பு அங்கே விற்பனையாவதால் இவ்விலக்கு இங்கும் தொட்டது. அதன் இடத்துக்குப் பனையெண்ணெய்ச் சரக்குகளும் பிற செயற்கைச் சரக்குகளும் வந்துவிட்டன. 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்க, அருகில் விளையும் பூவந்தி அவ்வேலைக்கு எவ்வளவு ஏற்கும், என்ன விலைக்குக் கட்டும் என்பதைப் பெரிய அளவில் சோதித்துச் சொன்னால் நடுவோர்க்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. அவ்வாதாரம் கைக்கு வருமுன் தோல் சாலையை எண்ணி நிலத்தை மாற்றுவது காயில்லாத மரத்துக்குக் காவல் வைப்பதாகும்.

இனி, கிராம அதிகாரிகளுக்குரிய சில விஷயங்கள். ஏலகிரி மலைவாசிகளான மலையாளி ஜாதியார் காட்டில் பொறுக்கும் கொட்டைக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பாத்தியதை அளித்திருக்கின்றது. சிறுவனப் பொருள்களுக்கு மத்திய அரசாங்கம் 2013-14 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலை நிர்ணயிக்கும் திட்டத்தில் புங்க விதையும் இலுப்பை விதையும் முதற்பட்டியலிலேயே இருந்தன. பின்னர் விரிந்த பட்டியலில் பூவந்தியும் சேர்ந்தது. இவ்விலை என்னவென்பதை மலைக் கிராமங்களில் எழுதி ஒட்டியிருக்கக் காண்பது அரிது. விலை தெரியாதவன் வியாபாரி சொன்னதை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறான். ஆதரவு விலையைச் சந்தை நாளுக்கு முன்பே தண்டோரா போட்டோ பலகையில் எழுதியோ அறிவித்தல் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் பெரிய சிரமமன்று.

புறம்போக்கில் நட்ட மரங்களின் பலனைப்பற்றி வழக்குகள் எழுவதுண்டு. நட்டவன் பெயரால் மரப்பட்டா பெற்று, கிராமக் கணக்கு 2-சி-யில் மரத்தின் ஜாதியும் எண்ணிக்கையும் பதிவாயிருந்தால், பத்தாண்டு கழித்துக் காய்க்கும்போது வேறொருவன் உரிமை பேச இடமில்லை. நடும் ஆண்டிலேயே இதனைக் கேட்டுப் பெறாதவர்கள், காய்க்கும் ஆண்டில் தாலுகா கச்சேரிக்கு நடக்கிறார்கள். பட்டா நிலத்து வரப்பு மரங்களையும் அடங்கலில் குறிக்கச்செய்தல் நன்று. கடன் கேட்கும்போதும், சாலை விரிவுக்கு நிலம் எடுக்கப்படும்போதும் அக்குறிப்பே சாட்சி.

காய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கன்று விற்க வருவோரிடம் கேட்கவேண்டியவை சிலவே. எந்த ஆண்டு முதல், கிலோவுக்கு என்ன விலைக்கு, கொட்டையோடா தோலாகவா, எந்த இடத்தில் எடை போட்டு எடுப்பது என்பது முத்திரைத்தாளில் எழுதப்படுமா? எடுக்கத் தவறினால் யார் ஈடு? கன்றின் விலையை இப்போதே வாங்கிக்கொண்டு காயின் விலையை அப்போதைய சந்தைப்படி என்று எழுதுபவர் கன்று வியாபாரியேயன்றிக் காய் வியாபாரியல்லர். இத்தகைய ஒப்பந்தம் கிராமத்துக்கு வந்தால், ஒருவர் கையெழுத்திட்டபின் மற்றவர் பார்த்திடுவதற்குப் பதிலாக, நகலை முன்னதாக வட்டார விவசாய விஸ்தரிப்பு அலுவலகத்தில் காட்டி, அடுத்துவரும் கிராம சபையில் வாசிக்கச் செய்யலாம். ஆடிப்பட்டத்துக்கு முன் இது முடிந்தால், கடலை விதைக்கும் நிலம் கடலைக்கே நிற்கும்; வரப்புக்கு வேண்டிய நாலு கன்றைப் புரட்டாசி மழையில் வைத்துக்கொள்ளப் போதிய காலமும் இருக்கும்.